மூன்று வரி அட்டையும் ஒரு நாள் பயணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கோடை விடுமுறைப் பக்கத்தில், ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்கள் என்று மத்திய மாவட்டங்களுக்கு ஒரு பட்டியல் வந்திருந்தது. அணைக்கட்டுகளும் அருவிகளும் கோயில்களும் அதில் இருந்தன. அருங்காட்சியகம் ஒன்றுகூட இல்லை. அதைப் படித்த மறு வாரமே நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து சித்தன்னவாசல், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஒரு முக்கோணமாகச் சுற்றிவிட்டு இரவு வீடு திரும்பினேன். ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அந்த ஒரு நாளில் பார்த்தவற்றை வைத்து, நம் அருங்காட்சியகங்களைக் கவனித்துக்கொள்ளும் துறைகளின் பார்வைக்கு ஒரே ஒரு கோரிக்கையை வைக்க விரும்புகிறேன். அது காட்சிப் பொருள்களின் கீழே வைக்கப்படும் விளக்க அட்டையைப் பற்றியது.

நான் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆண்டுதோறும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அருங்காட்சியகங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறேன்; ஆனால் அந்நாள்களில் தலைகளை எண்ணினேனே தவிர எந்தச் சிலையையும் இரண்டு நிமிடம் நின்று பார்த்ததில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உள்ளவர்களை அழைத்தால், துணைக்கு வர வேண்டியவர்கள் அனைவருக்கும் அந்த நாளில்தான் வேலை இருக்கும். ஆகவே தனியாகவே கிளம்பினேன். போன இடமெல்லாம் "தனியாகவா வந்தீர்கள்?" என்று கேட்டார்கள். அன்று மட்டும் ஐந்து முறை இந்தக் கேள்விக்கு விடை சொன்னேன். ஒரு சிலையின் முன்னால் அரை மணி நேரம் நிற்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாத வசதி தனியாகப் போகிறவர்களுக்கு மட்டுமே உண்டு என்பதை அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் புறப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல நாள் என்று பார்த்தேனே தவிர, தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை என்பதைக் கீரனூர் தாண்டிய பிறகே நினைவுகூர்ந்தேன். அன்று நார்த்தாமலையில் வண்டியை நிறுத்தி, கட்டிக்கொண்டுபோன தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது முறை செவ்வாய்க்கிழமை.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் சித்தன்னவாசல் சேர்ந்தேன். அது அருங்காட்சியகம் இல்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஆனால் ஓவியத்தைச் சுவரிலிருந்து பிரிக்காமல், அது பிறந்த கல்லிலேயே பார்க்கக் கிடைக்கும் கூடம் தமிழ்நாட்டில் அதைவிட வேறு எது? முன்னால் தெரியும் தூண் மண்டபம், புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து எழுப்பியது. அதைக் கடந்து அறிவர் கோயிலின் சிறிய குடைவரைக்குள் போய் நிமிர்ந்து பார்த்தால், விதானம் முழுவதும் தாமரைக் குளம். மீனும் அன்னமும் எருமையும் யானையும் இலைகளுக்கிடையே நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, மூன்று இளைஞர்கள் பூப் பறிக்கிறார்கள். இருவர் சேர்ந்து நிற்க, மூன்றாமவர் தனியே, தண்டோடு பறித்த தாமரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தத் தண்டு வளைவதை நீங்கள் பார்க்க வேண்டும். பூவின் பாரம் எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் வளைகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கோட்டை இழுத்தவர் கையைத் தூக்காமல் ஒரே வீச்சில் இழுத்திருக்கிறார்.

இது வெறும் குளம் இல்லை என்றும், சமண சமயக் குருவான தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்னும் அவைக்குப் போகும் வழியில் உள்ள நீர்நிலை என்றும், பூப் பறிப்பவர்கள் அந்த அவைக்குப் போகும் அடியார்கள் என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள். இது தெரியாமல் பார்ப்பவருக்கு அழகான குளம் தெரியும்; தெரிந்து பார்ப்பவருக்கு அந்த மூன்று பேரின் முகத்தில் உள்ள அவசரமின்மைக்கும் காரணம் தெரியும். நெடுங்காலம் இந்த ஓவியங்கள் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவை என்றே சொல்லப்பட்டன. என் பள்ளிக் காலத்தில் நானும் அப்படித்தான் படித்தேன், பிறகு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் குடைவரையின் முகப்பருகே உள்ள தமிழ்க் கல்வெட்டு, மதிரை (மதுரை) ஆசிரியன் இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. ஓவியங்களும் அக்காலத்தவை என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. யார் செய்தார், எந்த அரசன் காலத்தில் செய்தார் என்பதை அந்த ஆசிரியர் செய்யுளாகவே வெட்டிவைத்துவிட்டார்.

மூட்டு வலியைப் பொருட்படுத்தாமல் மலையேறி ஏழடிப்பட்டத்தையும் பார்த்தேன். இயற்கைக் குகையில் வழவழப்பாகத் தேய்த்த கற்படுக்கைகள், தலைவைக்கச் சற்றே மேடாக்கிய தலையணைகள். அவற்றுள் ஒன்றன் அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டிய கல்வெட்டு உண்டு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்தவருக்குச் சிறுபோசில் இளயர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். யாருக்கு, அவர் எந்த ஊர்க்காரர், செய்தவர் யார், செய்த பொருள் என்ன என்ற நான்கையும் ஒரு வரியில் அடக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வரியைப் படித்துவிட்டு இறங்கும்போதுதான் இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று முதலில் தோன்றியது.

ஏனென்றால், நம் அருங்காட்சியகங்களில் நான் கண்ட விளக்க அட்டைகளில் பெரும்பாலானவை மூன்று வரியோடு முடிந்துவிடுகின்றன. பொருளின் பெயர், நூற்றாண்டு, ஊர். ஆங்கிலத்திலும் அதே மூன்று வரி. எந்த ஒரு நிறுவனத்தையும் குறிப்பிட்டுக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இது பொது வழக்கமாகவே இருந்துவருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில், ஒரு காட்சிக்கூடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் அட்டை கவிழ்ந்து கிடந்தது. என் மாணவி ஒருத்தி அதைப் படிப்பதற்காகத் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பேழையின் அடிக் கண்ணாடி வழியாக எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் எழுந்து அடுத்த பேழைக்குப் போய்விட்டாள். மேலே இருந்த சிலையை அவள் பார்க்கவே இல்லை. "அட்டையைப் பார்த்து எழுதிவா" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி என்பதால் அந்தக் காட்சி இன்னும் உறுத்துகிறது. அட்டை பார்க்கத் தூண்டுவதாக இருந்திருந்தால் அவள் நிமிர்ந்திருப்பாள்.

சித்தன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை 16 கிலோமீட்டர்தான். திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல், தொண்டைமான் மன்னர் ஆட்சியில் தொடங்கப்பட்டது. சென்னை எழும்பூருக்கு அடுத்தபடியாக மாநிலத்தின் பெரிய அரசு அருங்காட்சியகம் என்று சொல்லப்படுவது. பாடம் செய்த விலங்குகளும் பாறை வகைகளும் முதுமக்கள் தாழிகளும் செப்புத் திருமேனிகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பது சிலருக்குக் கதம்பமாகத் தோன்றலாம். எனக்கு அந்தப் பழைய வழக்கம் பிடித்திருக்கிறது. ஒரு சிறிய சமஸ்தானம் தன் மண்ணில் கண்டெடுத்ததையெல்லாம் ஓரிடத்தில் கூட்டிவைத்து, இதுதான் நாங்கள் என்று சொல்லிக்கொண்ட முறை அது. காலையில் சித்தன்னவாசல் பார்த்தவர், இங்கே உள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு முன்னால் வந்து நின்றால், இந்த வட்டாரத்தில் சமணம் எவ்வளவு காலம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பது புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும். ஆனால் 16 கிலோமீட்டர் தொலைவில் அந்த ஓவியம் இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

அங்கே நான் அதிக நேரம் நின்றது நாணயங்களின் முன்னால். புதுக்கோட்டையின் அம்மன் காசு சுண்டுவிரல் நகத்தளவே உள்ள செப்புக் காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய" என்ற சொல். ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. நவராத்திரி நாள்களில் அரண்மனையிலிருந்து அரிசி வழங்கும்போது இந்தக் காசையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதும், அதனாலேயே அந்த அம்மனுக்கு அரைக்காசு அம்மன் என்ற பெயர் வழங்குகிறது என்பதும் ஊர் அறிந்த செய்தி. அந்த அம்மன் குடியிருக்கும் கோயிலும் அதே திருக்கோகர்ணத்தில்தான் இருக்கிறது. காணாமற்போன பொருள் கிடைக்க வேண்டும் என்று வெல்லம் வைத்து வேண்டிக்கொள்ளும் தெய்வம் அவள். வண்டிச் சாவிக்காக நானே பலமுறை வேண்டியிருக்கிறேன். காசில் உள்ளவளும் கோயிலில் உள்ளவளும் ஒருத்தியே என்பதை ஒரு வரியில் எழுதி வைத்தால், அருங்காட்சியகத்துக்கு வந்தவர் கோயிலுக்கும், கோயிலுக்கு வந்தவர் அருங்காட்சியகத்துக்கும் போவார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது என்ற பாடநூல் வரியைவிட, தனக்கென ஒரு காசு வைத்திருந்த ஊர் இது என்று கையளவுப் பொருளைக் காட்டிச் சொல்வது பிள்ளைகள் மனத்தில் நிற்கும்.

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு ஆதனக்கோட்டை, கந்தர்வகோட்டை வழி. ஆதனக்கோட்டையில் சாலையோரத்தில் வறுத்து விற்கும் முந்திரியை வாங்காமல் அந்த வழியே யாரும் போக முடியாது. நானும் கால் கிலோ வாங்கி, தஞ்சாவூர் போவதற்குள் பாதியைத் தின்றுவிட்டேன். மதியச் சாப்பாடு அதுவே ஆயிற்று.

தஞ்சை அரண்மனை வளாகத்தில் உள்ள கலைக்கூடம் 1951இல் தொடங்கப்பட்டது. செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பேசுவதற்கு நான் தகுதி உடையவள் இல்லை. ஆனால் ஒரு திருமேனியைப் பற்றி மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர். ஒரு காலை மற்றொரு காலின் குறுக்கே வைத்து, காளையின் மேல் கையை ஊன்றியபடி சாய்ந்து நிற்கும் சிவபெருமான். காளை கிடைக்கவில்லை. ஊன்றிய கை மட்டும் காற்றில் அப்படியே நிற்கிறது. கீழே தாங்குவதற்கு எதுவும் இல்லாத அந்தக் கையைப் பார்த்தால், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அது எதன் மேலோ ஓய்வாகக் கிடப்பதாகவே தோன்றுகிறது. விரல்களில் இறுக்கம் இல்லை. தலையில் சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, இடையிடையே பாம்புகளை ஒளித்துவைத்திருக்கிறார்கள். கிட்டே போய்த் தேடினால்தான் பாம்பு தெரியும். நான் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அந்தக் கையை மட்டும் வரைந்து பார்த்தேன். மூன்று முறை அழித்தும் சரியாக வரவில்லை. கையை வரைந்தால் காளையும் வர வேண்டும். நான் வரைந்த கை வெறும் கையாகவே இருந்தது.

நான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர், "அம்மா, மாடு எவ்வளவு உசரம் இருந்திருக்கும்னு அந்தக் கையை வெச்சே சொல்லிடலாம், பாத்தீங்களா?" என்றார். இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. பிறகு அவரே பக்கத்தில் நிற்கும் அம்மையைக் காட்டி, "இவங்க அடுத்த வருசம் வந்தவங்க" என்றார். உண்மைதான். திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டின்படி, முதலாம் ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், கோலக்காவன் என்பவர் இந்தத் தேவரை எழுந்தருளச் செய்தார். அம்மை அடுத்த ஆண்டு வந்தார். சோழர் காலத் திருமேனிகளில் இப்படி ஆண்டும் செய்வித்தவர் பெயரும் கல்வெட்டால் உறுதியாகத் தெரிவது அரிது. அதே திருவெண்காட்டு மண்ணில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் சென்னை எழும்பூரில் இருக்கிறார். ஓர் ஊர்க் கோயிலின் திருமேனிகள் இன்று இரண்டு நகரங்களில் இருக்கின்றன. சென்னையில் அவரைப் பார்ப்பவருக்குத் தஞ்சையில் இவர் இருப்பது தெரிய வேண்டாமா?

கல் சிற்பங்களில் தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தியையும் அதிக நேரம் பார்த்தேன். யானைத் தோலை உரித்து விரித்தபடி உடல் முறுக்கி ஆடும் பெருமான். அந்த உக்கிரம் தாங்காமல் குழந்தையோடு விலகி ஒதுங்கும் உமை. தாராசுரம் கோயில் தஞ்சையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. இந்தச் சிற்பம் இருந்த கோயிலைப் பார்க்க விரும்புகிறவருக்கு வழிகாட்டும் ஓர் அம்புக்குறி போதும்.

இதே வளாகத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் வெண்பளிங்குச் சிலை இருக்கிறது. சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில் ஜான் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி செய்த பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. 1798இல் இறந்த பாதிரியார் சுவார்ட்ஸின் மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்கும் காட்சி அதில் உண்டு. ஒரே மன்னரை அரண்மனையில் தனியாகவும், தேவாலயத்தில் அவருடைய ஆசானின் கட்டிலருகே துயரத்தோடும் வடித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்து ஒப்பிடலாம். நான் தேவாலயத்துக்குப் போனது, எங்கோ எப்போதோ படித்தது நினைவுக்கு வந்ததால்தான்.

சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும் சார்லஸ் லெ பிரன் என்னும் பிரெஞ்சு ஓவியரின் படங்கள் உள்ளன. ஆந்தை முகத்து மனிதரைப் பார்த்ததும் எங்கள் பழைய தலைமையாசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கண் நோயாளிகளின் கண்களைப் பார்த்து வரைந்து, மருத்துவக் குறிப்போடு சேர்த்துவைத்த ஏடுகளும் சரபோஜி காலத்திலிருந்து இந்நூலகத்தின் சேகரிப்பில் உண்டு. ஓவியமும் மருத்துவமும் ஒரே தாளில் சேர்ந்த இந்தச் செய்தியை ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்று யோசித்தபடியே வெளியே வந்தேன்.

மணி ஐந்தரை. பெரிய கோயில் திறந்திருந்தது. உள்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களை, 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்பவர், நாயக்கர் கால ஓவியத்தின் அடியிலிருந்து கண்டறிந்த அந்த ஓவியங்களை, பாதுகாப்புக் கருதிப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, அது நியாயமே. நான் போனது கல்வெட்டுகளைப் பார்க்க. காலையிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த எண்ணத்துக்கு அங்கேதான் விடை கிடைத்தது. ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் மற்றவர்களும் இக்கோயிலுக்குக் கொடுத்த திருமேனிகள் ஒவ்வொன்றைப் பற்றியும் அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். கோயிலின் முழக்கோலால் அளந்து பாதாதிகேசாந்தம் (அடி முதல் முடி வரை) எத்தனை முழம் எத்தனை விரல் உயரம், ஸ்ரீஹஸ்தங்கள் (திருக்கைகள்) எத்தனை, கனமாக வார்த்ததா பொள்ளலாக (உள்ளீடற்றதாக) வார்த்ததா, பீடம் எப்படி, பிரபை (திருவாசி) எப்படி, கொடுத்தவர் யார் என்று ஒன்றுவிடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தத் திருமேனிகளில் மிகச் சிலவே இன்று கோயிலில் எஞ்சியிருக்கின்றன. அட்டைகள் மட்டும் ஆயிரம் ஆண்டுகளாகச் சுவரில் இருக்கின்றன.

ஆவணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் நமக்குத் திரும்பி வந்ததற்கு முக்கியமான சான்றாக இருந்தவை, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கோயிலிலேயே எடுத்துவைத்த ஒளிப்படங்கள். எங்கிருந்தது, எப்படி இருந்தது என்று யாரோ ஒருவர் பொறுமையாகப் பதிந்துவைத்ததால் ஒரு தெய்வம் தன் நாட்டுக்குத் திரும்பியது.

என் கோரிக்கை செலவு பிடிப்பதில்லை. எல்லாப் பொருள்களுக்கும் நீண்ட விளக்கம் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு கூடத்திலும் முதன்மையான பத்துப் பொருள்களுக்காவது, எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்தால் விளங்கும் தமிழில், எண்பது தொண்ணூறு சொற்களில் ஓர் அட்டை வையுங்கள். பெயரையும் நூற்றாண்டையும் சொன்ன பிறகு, எங்கே எப்படிக் கிடைத்தது, எதற்காக மண்ணுக்குள் போயிற்று, எதை உற்றுப் பார்க்க வேண்டும், இதன் உறவுக்காரர்கள் வேறு எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதையும் சேருங்கள். இந்தக் கடைசிச் செய்திக்குத்தான் நான் அழுத்தம் கொடுக்கிறேன். நான் ஒரு நாளில் போன இடங்களில் சில மாநில அரசின்கீழும் சில மத்தியத் தொல்லியல் துறையின்கீழும் தனி நிர்வாகத்திலும் இருக்கின்றன. அலுவலகங்கள் வேறாக இருப்பதில் தவறில்லை. ஆனால் சிற்பங்களுக்கும் ஓவியங்களுக்கும் அந்த எல்லை தெரியாது. சித்தன்னவாசலில் ஒரு கையை யானைத் துதிக்கைபோல நீட்டி நிற்கும் நடனமாதுக்கும் பெரிய கோயில் உள்சுற்றில் ஆடும் பெண்களுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் கோடு எப்படி மாறியது என்பதைக் காட்ட, இரண்டு இடங்களிலும் மற்றதன் அச்சுப்படம் ஒன்று இருந்தால் போதும்.

எழுத்தின் அளவையும் கவனியுங்கள். அறுபது வயதுக்காரர்கள் கண்ணாடிப் பேழையில் நெற்றி முட்டாமல் படிக்க முடிய வேண்டும். முடிந்தால் கூடத்துக்கு ஒரு விசுப்பலகையும் போடுங்கள்.

இதை எழுத அறிஞர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழும் வரலாறும் நுண்கலையும் படித்த முதுகலை மாணவர்கள் இந்த மூன்று ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களை எழுதச் சொல்லி, காப்பாட்சியர்கள் சரிபார்த்தால் போதும். அன்று என்னோடு பேசிய பணியாளரைப் போன்றவர்களையும் கேளுங்கள். நாள் முழுதும் அந்தத் திருமேனிகளோடு நிற்பவர்கள் அவர்கள்தாம்.

சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது முறையாகாது என்பதால், திரும்பிவந்த மறுநாள் மாதிரிக்கு ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன். தாங்கள் விரும்பினால் வெளியிடலாம்:

"ரிஷபவாகன தேவர். இவர் காளையின் மேல் கை ஊன்றி நிற்கும் சிவபெருமான். காளை கிடைக்கவில்லை, கையைப் பார்த்து அதன் உயரத்தை நீங்களே கணக்கிடுங்கள். திருவெண்காட்டுக் கோயிலுக்கு இவரைச் செய்துவைத்தவர் கோலக்காவன், ஆண்டு 1011, அரசன் முதலாம் ராஜராஜன். பக்கத்தில் நிற்கும் அம்மை மறு ஆண்டு வந்தார். தேவர் நெடுங்காலம் மண்ணுக்கடியில் இருந்து, 1950களின் தொடக்கத்தில் வெளியே வந்தார். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்தது. அச்சை உடைத்தே எடுத்ததால் இதுபோல் இன்னொன்று கிடையாது. தலையில் இருப்பது துணி இல்லை, சடை. அதில் பாம்புகளைத் தேடுங்கள். இதே ஊரிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
திருச்சி.